பாலிக்கு ரயில் வழி

இந்தோனேசியா போகிறோம் என்று யாரிடம் சொன்னாலும், "பாலியா?" என்றுதான் கேட்கிறார்கள். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ள நாட்டில் ஒரே ஒரு தீவின் பெயர்தான் நம் ஊரில் புழங்குகிறது. மேற்கு நுனியில் இருக்கும் சாபாங்கிலிருந்து கிழக்கே பப்புவாவில் உள்ள மெராவ்கே வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நாடு அது. மூன்று நேர மண்டலங்கள், 700-க்கும் மேற்பட்ட மொழிகள், நூற்றுக்கும் அதிகமான உயிருள்ள எரிமலைகள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே, பப்புவா மலையுச்சியில், உருகித் தீரப்போகும் பனிப்பாறை ஒன்றும் உண்டு. இதில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். மகளுக்குக் கொமோடோ டிராகன்: மூன்று மீட்டர் வரை வளரும் அந்த ராட்சதப் பல்லியை நேரில் பார்க்க வேண்டும். அதோடு கலிமந்தான் காட்டு ஒராங்குட்டான், ராஜா அம்பாட் பவளப் பாறைகள். மனைவிக்கு சுமத்ராவின் டோபா ஏரி. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாயில் தேங்கிய நீர், 100 கிலோமீட்டர் நீளம். அந்த வெடிப்பின் சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது. எனக்கு ஜாவாவின் போரோபுதூர், பிரம்பனான் கோயில்கள், சுலவேசியில் தோராஜா மக்களின் படகுக்கூரை வீடுகள். மூன்று பட்டியலையும் சேர்த்து வரைபடத்தில் புள்ளி வைத்தபோது, அது ஒரு விடுமுறைக்கான திட்டமாகவே இல்லை. விமான நிறுவனத்தின் கால அட்டவணையாக இருந்தது.

கணக்கு எளிது. டோபாவுக்கு மேடான் வரை விமானம், அங்கிருந்து பல மணி நேரச் சாலை, பிறகு படகு. தோராஜாவுக்கு மகாசார் வரை விமானம், பிறகு மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் பேருந்து. ராஜா அம்பாட்டுக்கு சோரோங் வரை பறந்து, அங்கிருந்து கப்பல். கொமோடோவுக்கு லாபுவான் பாஜோவில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று விழுங்கிவிடும். இரண்டு வாரத்துக்கும் குறைந்த விடுமுறையில் ஐந்து புள்ளிகளைத் தொட நினைத்தால், பார்ப்பதைவிட விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அதிகமாகும்.

அதனால் இடங்களைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு வழியைத் தேர்ந்தெடுத்தோம். தரைவழியாகவே ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிய வேண்டும். அந்த வழியில் எது வருகிறதோ அதைப் பார்ப்பது, வராததை எவ்வளவு புகழ் பெற்றதானாலும் விட்டுவிடுவது. இந்தோனேசியாவில் அப்படி ஒரு வழி ஜாவாவில்தான் இருக்கிறது. ஜகார்த்தாவில் ஏறினால், தீவின் கிழக்கு முனையில் பாலிக்குப் படகு புறப்படும் துறை வரைக்கும் தண்டவாளம் போகிறது. ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தீவின் பரப்பு கிட்டத்தட்டத் தமிழ்நாட்டின் பரப்புதான். ஆனால் நாட்டின் மக்களில் பாதிக்கு மேல், 15 கோடிப் பேருக்கும் அதிகமாக, இங்கேதான் இருக்கிறார்கள். மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறவி எடுத்து அரசாளும் சாவக நாடு இதுதான் என்பார்கள்.

"அப்போ டிராகன் கிடையாதா?" என்றாள் மகள்.

கிடையாது. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே ஓடும் குறுகிய கடலோடு ஆசியாவின் விலங்கினம் முடிந்து வேறொன்று தொடங்குகிறது. மேற்கே புலியும் யானையும் இருந்த தீவுகள். கிழக்கே கொண்டைக்கிளிகளும், இன்னும் போனால் பைம்மா வகைகளும். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தீவுகளில் எட்டு ஆண்டுகள் அலைந்து கண்ட எல்லை அது. அவர் பெயராலேயே வாலஸ் கோடு என்கிறார்கள். பாலியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் பாதி நாட்டைப் பார்க்கவில்லை என்பதே உண்மை. அதை ஒப்புக்கொண்டுதான் டிக்கெட் எடுத்தோம்.

இன்னொரு ஆசையும் நம்மவர்களுக்கு வரும். ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஸ்ரீவிஜயத்தைப் பார்க்க வேண்டும் என்பது. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு. தலைநகர் இருந்தது சுமத்ராவின் பாலெம்பாங்கில். மூசி ஆற்றங்கரையில் மரத்தால் கட்டிய நகரமாக இருந்திருக்கும். நின்று பார்க்கும்படி கல்லில் எழுப்பியது அங்கே அதிகம் இல்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் பக்கம் கிடைத்த 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைப் பேசுகிறது. கல்வெட்டுப் பித்து உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம். மற்றவர்கள் வரலாற்றில் பெரிதாக இருப்பது கண்ணுக்கும் பெரிதாக இருக்கும் என்று நம்பிப் போகாமல் இருப்பது நல்லது.

ஜகார்த்தாவில் நாங்கள் அதிகம் நிற்கவில்லை. வெயிலும் நெரிசலும் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. ரயிலுக்கு முன் கிடைத்த நேரத்தில் கம்பீர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள இஸ்திக்லால் மசூதிக்குப் போனோம். எதிரிலேயே கத்தோலிக்கப் பேராலயம்; இரண்டையும் தரைக்கடியில் இணைத்துச் சுரங்க நடைபாதை கட்டியிருக்கிறார்கள். 2023இல் ஓடத் தொடங்கிய, மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் போகும் புது ரயிலில் ஏற மகளுக்கு ஆசைதான். அது பாண்டுங்கோடு நின்றுவிடுகிறது, எங்கள் வழியில் வராது.

யோக்யகர்த்தா ரயில் ஆறேழு மணி நேரம். சிரெபோன் வரை கடலோரச் சமவெளி; பிறகு வண்டி தெற்கே திரும்பிப் புர்வோகெர்த்தோவை நெருங்கும்போது 3,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஸ்லாமட் எரிமலை மேகத்துக்கு வெளியே தலைநீட்டுகிறது. ஜாவாவில் எந்த வயலைப் பார்த்தாலும் பின்னணியில் ஒரு எரிமலை நிற்கும். அந்த மண்ணின் வளத்துக்கும், இத்தனை கோடிப் பேர் ஒரே தீவில் நெருக்கியடித்து வாழ முடிவதற்கும் அதுதான் காரணம். வண்டியில் நாசி கோரெங் என்ற வறுத்த சோற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சம்பல் என்று தருகிற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் தெராசி, அதாவது நொதிக்கவைத்த இறால் விழுது இருக்கும். சோயாவை நொதிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பே எங்கும் கிடைக்கிறது. மனைவி பயணம் முழுக்க அதை வைத்தே ஓட்டினாள். யோக்யகர்த்தாவில் பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டு இரவெல்லாம் வேகவைக்கும் குடெக் உண்டு. எனக்கு அந்த இனிப்பு ஒத்துவரவில்லை. மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

இந்த ஊரில்தான் எங்கள் நாட்களில் பெரும்பகுதியைச் செலவழித்தோம். ஒரே அறையில் தங்கிக்கொண்டு போரோபுதூரும் பிரம்பனானும் போய்வரலாம் என்பதுதான் காரணம். ஒன்று வடமேற்கே 40 கிலோமீட்டர், மற்றொன்று கிழக்கே 17 கிலோமீட்டர்.

போரோபுதூரின் படம் பார்க்காதவர் இல்லை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சைலேந்திரர் கட்டிய புத்த நினைவகம். சதுரத் தளங்கள் ஆறு, அவற்றின் மேல் வட்டத் தளங்கள் மூன்று, அவற்றில் 72 சல்லடைத் தூபிகள். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் எரிமலைக் கல்லை அடுக்கியது. 1975 முதல் 1982 வரை கல் கல்லாகப் பிரித்து, உள்ளே வடிகால் வைத்து, திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். இப்போது மேலே ஏறத் தனிச் சீட்டு; நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. கல் தேயாமல் இருக்க, பின்னிய ஒரு செருப்பைக் கொடுத்து, வழிகாட்டியோடு குழுவாக அனுப்புகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். எல்லோரும் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறித் தூபியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2,672 சிற்பப் பலகைகள் கீழே சுவர் சுவராக இருக்க, மேலே சிற்பப் பலகையே இல்லாத இடத்தில்தான் கூட்டம்.

எனக்குப் பிடித்த இடம் தென்கிழக்கு மூலை, தரைமட்டம். கட்டடத்தின் அடிப்பகுதியைச் சுற்றி 160 பலகைகளில் வினையும் பயனும் செதுக்கியிருந்தார்கள். கட்டும்போதே அதன் மேல் அகலமாக ஒரு கல்மேடை போர்த்தி மூடிவிட்டார்கள். 1885இல் தற்செயலாகத் தெரியவந்ததும், மேடையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டு மறுபடி மூடினார்கள். எடுத்தவர் காசியன் செஃபாஸ், ஜாவாக்காரர்களில் முதல் புகைப்படக் கலைஞர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் இந்த ஒரு மூலையை மட்டும் திறந்தார்கள், அது அப்படியே இருக்கிறது. குந்தி உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே வருகிறது சிற்பம். மூடிவிடப்போகிறார்கள் என்பதால் முடிக்காமல் விட்ட உளிவேலையும், பலகைக்கு மேல் சிற்பிக்குக் குறிப்பாகக் கீறிய சிறு எழுத்துகளும் அப்படியே தெரிகின்றன. உச்சிக்குச் சீட்டுக் கிடைக்காதவர்கள் வருந்த வேண்டாம். கீழ்ச் சீட்டிலேயே பார்க்கக்கூடியது இது.

பிரம்பனானுக்கு நான் எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் போனேன். தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் பார்த்தவனுக்கு இன்னொரு சிவன் கோயில், அவ்வளவுதானே என்றுதான் நினைப்பு. 850 வாக்கில் எழுந்த கோயில். ராஜராஜனின் பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. நடுவில் 47 மீட்டர் உயரத்தில் சிவன், இருபுறமும் பிரம்மாவும் விஷ்ணுவும், எதிரே வாகனங்களுக்குத் தனிக்கோயில்கள். சுற்றிலும் 200-க்கும் மேற்பட்ட சிறு கோயில்கள் இருந்தன. பெரும்பாலானவை இன்றும் கற்குவியலாகக் கிடக்கின்றன. சிவன் கோயிலை நிமிர்த்தி 1953இல்தான் திறந்தார்கள். 2006 நிலநடுக்கத்தில் மறுபடியும் அடி.

நமக்கு அங்கே விசேஷம் திருச்சுற்று. சிவன் கோயில் மேடையின் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில், வலமாக நடக்க நடக்க ராமாயணம் ஓடுகிறது. பாம்பணையில் சாய்ந்த திருமாலிடம் தேவர்கள் முறையிடுவதில் தொடக்கம். விசுவாமித்திரர் வருகிறார், மாயமான் வருகிறது. கதை தெரிந்ததுதான், ஆனால் சொல்லும் விதம் வேறு. இங்கே ஜடாயு, சீதை கொடுத்த கணையாழியைக் கொண்டுவந்து ராமனிடம் தருகிறார். சேது கட்டும் பலகையின் முன் நாங்கள் வெகுநேரம் நின்றோம். குரங்குகள் தோளில் பாறை சுமந்து வந்து போடுகின்றன. கடலில் மீன்கள் அந்தக் கற்களை வாயில் கவ்விக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு வகை. செதிலும் செவுளும் பிரித்துச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. ராமேசுவரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம், பாலம் ஏன் கட்டக் கட்டக் கரைந்தது என்று மீன் பக்கத்திலிருந்து யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை. கதை அங்கே பாதியில் நிற்கிறது. மீதியைப் பார்க்கப் பிரம்மா கோயிலுக்குப் போக வேண்டும். பல பயணிகள் அதை அறியாமல் சிவனோடு திரும்பிவிடுகிறார்கள்.

சிவன் கோயிலுக்கு நான்கு திசையிலும் நான்கு அறைகள். கிழக்கே சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கு அறையின் இருட்டில் கைபேசி விளக்கை அடித்தபோது தாடியும் தொந்தியுமாக ஒருவர் நின்றார், பக்கத்தில் திரிசூலம், கையில் கமண்டலம். "யாருங்க இவர்?" என்றாள் மனைவி. அகத்தியர். பொதிகை மலைக்காரர் இங்கே சிவனுக்கு இணையான குருவாக, தெற்கு நோக்கி நிற்கிறார். வழிகாட்டி துர்க்கையின் அறைக்கு முன்தான் கூட்டத்தை நிறுத்தி, ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொல்லி ஏமாற்றிச் சிலையான இளவரசி ரோரோ ஜொங்ராங்கின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தெற்கு அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

இடங்களைத் தேர்ந்தெடுப்பதில், பார்ப்பவர் யார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பேன். ஒரு வெளிநாட்டில் எது சிறந்தது என்று பொதுவாக யாராலும் சொல்ல முடியாது. பிரம்பனானில் ஐரோப்பியர் ஒருவர் அரை மணியில் முடித்துவிடுவார், நமக்கு அரை நாள் போதாது. அதே ஐரோப்பியர் பாலிக் கடற்கரையில் ஒரு வாரம் படுத்திருப்பார், நம் வீட்டில் ஒரு மணி நேரத்தில், "அடுத்து எங்கே?" என்று கேட்டுவிடுவோம்.

அடுத்தது புரோமோ எரிமலை என்று வைத்திருந்தோம். கோயில் இரண்டு பார்த்தாகிவிட்டது, எரிமலை மட்டும் ஏன் ஒன்று என்று மகள் பிடித்துக்கொண்டாள். கிழக்கு ஜாவாவில் பயணிகள் புரோமோவையும் இஜெனையும் அடுத்தடுத்த இரவுகளில் ஏறுவார்கள். இஜெனில் கந்தகம் நீலமாக எரிவதை இருட்டில் பார்க்கலாம். பச்சையும் நீலமுமான அமில ஏரி. அந்தப் புகைக்குள் இறங்கிக் கந்தகக் கட்டிகளைக் கூடையில் 70 கிலோ, அதற்கும் மேலே சுமந்து ஏறும் தொழிலாளர்கள். அந்தப் புகை மனைவியின் மூச்சுக்கு ஆகாது. தவிர, தூக்கம் கெட்ட இரண்டு இரவு அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது மலை நினைவிலேயே நிற்காது. புரோமோ மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

சுரபாயா வழியாகப் புரோபோலிங்கோவில் இறங்கி, வேனில் மேலே செமோரோ லாவாங். விடியுமுன் ஜீப்பில் 2,770 மீட்டர் உயரப் பெனஞ்சாக்கான் பார்வைமேட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். குளிர் நம் ஊட்டியைவிட மோசம். அங்கே சூரியோதயம் அழகுதான், ஆனால் அதைக் கைபேசிகளின் காட்டுக்கு ஊடே பார்க்க வேண்டும். அதைவிட, பிறகு மணல்வெளியைக் கடந்து புரோமோவின் விளிம்புக்குப் படியேறியது நன்றாக இருந்தது. உள்ளே எங்கிருந்தோ ஒரு கொதிப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது. விளிம்பில் ஒரு பிள்ளையார், கழுத்தில் பூ. சுற்றிலும் உள்ள தெங்கர் மக்கள் இந்துக்கள். காசாடா திருவிழாவில் ஆடும் கோழியும் காய்கறியுமாக எரிமலை வாய்க்குள் எறிவார்கள். உட்சரிவில் வலையோடு நின்று அதைப் பிடித்து எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. யாரும் தவறாக நினைப்பதில்லை.

பிறகு ரயிலின் கடைசி நிலையமான கெத்தாப்பாங். எதிரிலேயே படகுத்துறை. ஜலசந்தியைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பக்கம் இறங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ள வேண்டும். மசூதிக் குவிமாடங்கள் முடிந்து, வாசலுக்கு வாசல் ஓலைத் தட்டில் பூவும் சோறும் வைத்த வீடுகள் தொடங்குகின்றன. விமானத்தில் பாலிக்கு வந்து இறங்கியிருந்தால் இந்த மாற்றம் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பாலியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. கூத்தா கடற்கரையை விட்டுவிடலாம். தானா லோட் கோயிலை மாலையில் பார்ப்பதென்றால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஜத்திலுவி வயல்களுக்கு மட்டும் அவசியம் போங்கள். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல். அதை ஆள்வது சுபாக் என்ற பாசன அமைப்பு. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் உழவர்கள் எல்லோரும் ஒரு சுபாக். அதற்குத் தலைவர் உண்டு, நீர்க்கோயில் உண்டு. எந்தச் சுபாக் எப்போது நீர் விடுவது, எப்போது தரிசு போடுவது என்பது கோயில் முறைப்படி நடக்கும். 1970களில் பசுமைப் புரட்சி வந்து, இடைவெளியில்லாமல் பயிர் செய்யச் சொன்னார்கள். பூச்சி பெருகியது, தண்ணீருக்குச் சண்டை வந்தது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் தரிசு போடுவதால்தான் பூச்சி பட்டினியில் சாகிறது என்று காட்டினார். 2012இல் யுனெஸ்கோ இந்த வயல்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏரி நீரைப் பங்கிட்டுவிட நீர்க்கட்டி என்றொருவர் இருந்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த மடையும் வாய்க்கால் பங்கீடும் உடனே புரிந்துவிடும். என் மனைவி விவசாயக் குடும்பத்துப் பெண். வாய்க்காலில் மரக்கட்டையைக் குடைந்து நீரைப் பங்கு பிரித்திருந்த இடத்தில் குனிந்து, எந்தப் பங்கு யாருக்கு என்று ஒரு உழவரிடம் சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கும் இடத்தில் விசா கிடைக்கிறது. 500,000 ருபியா, 30 நாள். பூஜ்யங்களைக் கண்டு மிரள வேண்டாம், அவர்களின் மிகப்பெரிய நோட்டே 100,000. பாலியில் வெளிநாட்டவருக்கு 2024 பிப்ரவரி முதல் 150,000 ருபியா தனி வரி. மழை குறையும் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. நம் பள்ளிக் கோடை விடுமுறையின் பிற்பகுதி பொருந்திவரும். ரம்ஜான் பெருநாளை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கோடிக்கணக்கானவர்கள் சொந்த ஊர் போவார்கள், ரயிலில் இடம் கிடைக்காது. பாலியின் மௌன நாளான நியேபியில் விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுகிறார்கள். தெருவில் நடக்கக்கூட அனுமதி இல்லை. போரோபுதூரில் திங்கட்கிழமை மேலே ஏற விடாத வழக்கம் உண்டு, நாள் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வழியில் நடுவே இரண்டு நாள் ஒதுக்கி, பாலியிலிருந்து கொமோடோவுக்கும் ஒரு எட்டு போய்வந்துவிட முடியாதா என்று கணக்குப் போடாதீர்கள். அதற்கு இன்னொரு விடுமுறை எடுத்துக்கொண்டு, வாலஸ் கோட்டுக்குக் கிழக்கே மட்டும் போங்கள்.